பற்றுச்சீட்டுக் காசும் கைக்காசும்

2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து கிளிநொச்சியில் வெள்ளம் ஏறியபோது, எங்கள் பாடசாலைப் பிள்ளைகளின் வீடுகளில் கொப்பி, சப்பாத்து எல்லாம் ஊறிப்போனது. இரண்டு பக்கத்திலிருந்து உதவி கிடைத்தது. ஒன்று, லண்டனில் பதிவான ஒரு தொண்டு நிறுவனத்தின் ஊடாக. மற்றது, ரொறன்ரோவில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் உண்டியலில், அதாவது வங்கி வழியாக இல்லாமல் ஆள்வழியாகக் காசு மாற்றும் முறையில், போட்டுவிட்டது.

"எனக்கு றிசீற் வேண்டாமண்ணை. வரியில கழிச்சுப்போட்டு அதைத் தர்மம் எண்டு சொல்ல மனசு வரேல்லை" என்றார் ரொறன்ரோக்காரர். அன்றைக்கு எனக்குப் பிடித்தது அவரைத்தான். எங்கள் பாடசாலைச் சங்கத்தின் கணக்குக் கொப்பியை எழுதி எழுதி இப்போது கொஞ்சம் மாறிவிட்டேன்.

கணக்கைப் பார்ப்போம். ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் ஒருவர் பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்துக்கு 1,000 டொலர் கொடுத்து றிசீற், அதாவது பற்றுச்சீட்டு, எடுத்தால், 2024 வரி வீதப்படி மத்திய அரசும் மாகாணமும் சேர்த்துச் சுமார் 361 டொலரை அவருடைய வரியில் குறைக்கும். முதல் 200 டொலருக்குச் சலுகை சிறிது, அதற்கு மேலே பெரிது. உண்டியலில் அனுப்பியதற்கு ஒரு சதமும் குறையாது. ஆக, எங்கள் தம்பி துறந்தது எட்டாப் பழத்தை!

லண்டன் கதை வேறு. 1990 இல் தொடங்கிய 'கிஃப்ட் எயிட்' முறைப்படி, வரி கட்டும் ஒருவர் 100 பவுண் கொடுத்தால் தொண்டு நிறுவனமே அரசிடம் இன்னும் 25 பவுண் வாங்கிக்கொள்ளும். கூடிய வீதத்தில் வரி கட்டுபவர்தான் தனக்கென்று மிச்சத்தைக் கேட்கலாம். மற்றவர் கைக்கு எதுவும் திரும்பாது, மனசு தடுமாற இடமுமில்லை. கனடாவில் அந்தக் காசு கொடுத்தவரின் வங்கிக் கணக்குக்கே போகிறது. வரியில் கழிப்பது பிழையென்று நான் சொல்லமாட்டேன்; அந்த அரசு தெரிந்தேதான் சட்டம் போட்டிருக்கிறது. திரும்பிய காசு பிறகு எங்கே போகிறது என்பதுதான் என் கேள்வி.

கைக்காசுக்கு ஒரு பெருமை உண்டு: நாலாம் நாள் கொப்பி வாங்கிவிட்டோம். லண்டன் காசு தை கடைசியில்தான் வந்தது. மூன்று கடையின் விலைமனு, கிராம அலுவலர் கையெழுத்திட்ட பெயர்ப்பட்டியல், படங்கள் எல்லாம் கேட்டார்கள். வரிச்சலுகை பெற்ற காசு கடல் கடந்து எப்படிச் செலவானது என்று அந்த நிறுவனம் தன் நாட்டுக்குக் காட்டவேணும், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் பிள்ளையைப் பையோடு பதாகைக்குக் கீழே நிறுத்து என்று எந்த வரிச்சட்டமும் கேட்கவில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, படம் எடுக்கும் நேரம் பார்த்துப் புத்தகப் பையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டது. அந்தப் படத்தை நான் அனுப்பவில்லை. கடைப் பில்லை அனுப்பினேன், ஏற்றுக்கொண்டார்கள்.

கொடுப்பவர்களில் மூன்றாவது வகையும் உண்டு. "நிறுவனத்துக்குக் குடுக்கிறன், என்ர தங்கச்சியின்ர மகளுக்குப் போகவேணும், றிசீற்றும் வேணும்." தங்கை மகளைப் படிப்பிப்பது நல்ல காரியம்தான். அதற்கு அடுத்த வீட்டுக்காரனின் வரிக்காசை ஏன் இழுப்பான்?

இங்கே இலங்கையிலும் சட்டம் இருக்கிறது. 2017 இன் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டப்படி, அங்கீகாரம் பெற்ற தரும நிறுவனத்துக்குத் தனிநபர் கொடுப்பதில் 75,000 ரூபா அல்லது வரிக்குரிய வருமானத்தில் மூன்றிலொன்று, எது குறைவோ அதைக் கழிக்கலாம். 2025 சித்திரையிலிருந்து வருடத்துக்கு 18 இலட்சம் ரூபா வருமானம் வரை வரியே இல்லை. வன்னியில் அதைத் தாண்டி உழைப்பவர் எத்தனை பேர்? வெள்ளத்தன்று ஏ9 வீதியில் தேத்தண்ணிக் கடை வைத்திருப்பவர் ஐந்நூறு ரூபா தந்தார். எந்தத் திறைசேரியும் அவருக்கு எதையும் திருப்பித் தராது. வருமானம் கூடியவனின் தர்மத்துக்குத்தான் அரசு பங்கு போடுகிறது. வரிச்சலுகையில் எனக்கு உறுத்துவது இது ஒன்றுதான்.

ரொறன்ரோத் தம்பியிடம் சொன்னேன்: "வெள்ளம், தீ எண்டால் கைக்காசு அனுப்பும். மற்றதெல்லாம் பதிவான இடத்தால குடும், றிசீற் எடும், திரும்பி வாறதையும் இங்க அனுப்பிவிடும்." "யோசிச்சுச் சொல்லுறன் அண்ணை" என்று வைத்துவிட்டார்.

போன வைகாசியில் சங்கத்தின் வங்கிக் கணக்குக்கு அவரிடமிருந்து கொஞ்சக் காசு வந்தது. பின்னால் வைபரில் ஒரு வரி: "இது வரிக்காரன்ர பங்கு."