மின்கடத்தும் நூல் என்று சொல்லி ஜரிகை அனுப்புகிறார்கள், கவனம்

மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை பக்கமிருந்து ஒன்லைனில் இலத்திரனியல் சாமான் எடுக்கிறவர்கள் இதை வாசித்துவிட்டு எடுங்கள்.

நானும் அக்கா மகளும் ‘லைட்ஸ் அவுட்’ விளையாட்டைத் துணியில் தைக்கிறோம். டைகர் எலக்ட்ரானிக்ஸ் 1995இல் விட்ட கையடக்க விளையாட்டு அது. 5க்கு 5 கட்டம். ஒன்றை அமுக்கினால் அதுவும் நாலு பக்கத்துக் கட்டங்களும் மாறும், எரிவது அணையும், அணைந்தது எரியும். எல்லாவற்றையும் அணைத்தால் வெற்றி. வயருக்குப் பதிலாக மின்கடத்தும் நூலால் எல்இடிகளை இணைப்பதுதான் திட்டம்.

கொழும்பு விற்பனையாளர் ஒருவர் ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நூல்’, விளையாட்டை ஓட்டும் புரோகிராம் போட்ட போர்ட் எல்லாம் சேர்த்து ஒரே கிட்டாக அனுப்பினார். காசு கொடுத்த பிறகுதான் பார்சலைத் திறக்கலாம் என்பது கூரியர் சட்டம்.

நூல் நல்ல பளபளப்பு. தைத்து முடித்து பேட்டரி போட்டால் ஒரு எல்இடி கூட எரியவில்லை. கரண்ட் ஓடினால் பீப் அடிக்கும் மல்டிமீட்டரை வைத்தேன், சத்தமே இல்லை. உண்மையான ஸ்டீல் நூல் பெரும்பாலும் மீட்டரில் அடிக்கு 10 முதல் 30 ஓம் வரை மின்தடை காட்டும். ஒரு துண்டை வெட்டி லைட்டரில் பிடித்தேன்: சுருண்டு, உருகி, நுனியில் கறுப்பு மணியாகத் திரண்டது, பிளாஸ்டிக் நாற்றம் வேறு. ஸ்டீல் சிவக்குமே தவிர அப்படி உருகாது. வந்தது சேலைக் கரையில் ஓடும் மலிவு ஜரிகை. பிளாஸ்டிக் படலத்தில் மெல்லிய உலோகப் பூச்சு, அதன் மேல் ஒரு வார்னிஷ். கரண்ட் எந்த வழியால் போகும்?

கேட்டதற்கு வந்த பதிலைப் பாருங்கள்: “உங்கட ஊர்ப் பனிக்கு நூல் ஈரமாகியிருக்கும் மிஸ்.” ஈரம் பட்டால் கரண்ட் கசியும், நின்றா போகும்? அடுத்த மெசேஜுக்கு பிளொக்.

சாதாரண வயர் போட்டு போர்டை ஓட்டினோம். அதிலும் கோளாறு. விளக்குகளைக் கண்டபடி எரியவிட்டு ஆட்டத்தைத் தொடங்குகிறது. 5க்கு 5இல் அப்படி வரும் அமைப்புகளில் நாலில் ஒன்றைத்தான் தீர்க்க முடியும். பிள்ளை மணிக்கணக்காகப் போராடி, “சித்தி, எனக்குத்தான் மூளை இல்லையா?” என்று கேட்டாள். அது சரியான கோபத்தை எனக்குக் கொடுத்தது. எல்லாம் அணைந்த நிலையிலிருந்து புரோகிராமே சில கட்டங்களை அமுக்கிக் கலைத்திருந்தால் இந்தப் பிரச்சினையே வராது, அதே கட்டங்களைத் திரும்ப அமுக்கினால் எல்லாம் அணையும்.

நூல் வாங்குவதென்றால் மீட்டர் வைத்துக் காட்டும் வீடியோவை முதலில் கேளுங்கள், தயங்கினால் விட்டுவிடுங்கள். பார்சல் திறப்பதையும் போனில் பிடியுங்கள். நுகர்வோர் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்குப் புகார் சொல்லியிருக்கிறேன். அதே படம், அதே கிட், இப்போது வேறு பக்கத்தில் விற்பனைக்குக் கிடக்கிறது.