சில நூறு ராண்டு ஸ்கேனர்: திக்குகிற வண்டிக்கு எவ்வளவு உதவும்?

தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய, நீல நிற புளூடூத் ஸ்கேனர். காரின் ஓபிடி சாக்கெட்டில் செருகினால் எஞ்சின் கணினி சொல்வதைப் போனில் காட்டும். டர்பனில் ஸ்பேர்ஸ் கடையிலும் ஆன்லைனிலும் சில நூறு ராண்டுக்குக் கிடைக்கிறது. மேலே 'இஎல்எம்327' என்று அச்சடித்திருந்தாலும் உள்ளே இருப்பது அந்தச் சிப்பின் நகல்தான். அசலைச் செய்த கனடா நிறுவனம் 2022-ல் கடையை மூடிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், 'வி1.5' என்று ஒரு பதிப்பை அவர்கள் வெளியிட்டதே இல்லை. ஆனால் அந்தப் பெயரில் வரும் நகல்கள்தான் பெரும்பாலும் ஒழுங்காக வேலை செய்கின்றன. 'வி2.1' என்று வருபவற்றில் பல, பாதிக் கட்டளைகளுக்குப் பதிலே தராது. ஐபோன்காரர்கள் சாதாரண புளூடூத்தை வாங்கினால் காசு வீண். வைஃபை அல்லது புளூடூத் எல்இ என்று கேட்டு வாங்க வேண்டும்.

ரோபோவில் (டிராஃபிக் சிக்னலில்) பச்சை விழுந்து ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி இரண்டு தரம் குலுங்கிவிட்டுக் கிளம்புகிறது, ஐடிலிங்கில் மட்டும் ஒழுங்காக நிற்கிறது. இந்தக் கோளாறைப் பிடிக்க இது போதுமா என்றால், பாதித் தூரம் போதும்.

பலரும் கோளாறைக் குறிக்கும் எண்ணை ('கோட்') மட்டும் படித்துவிட்டு ஸ்கேனரைக் கழற்றிவிடுகிறார்கள். அங்கேதான் தப்பு. பி0171 வந்தால் ஆக்ஸிஜன் சென்சார் போய்விட்டது என்று பொருளில்லை. கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அந்த சென்சார் புகார் சொல்கிறது. புகார் சொன்னவனையே மாற்றினால் கோளாறு போகுமா? கோட் எண்ணை அழிக்கும் முன் 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். அந்த எண் பதிவான நேரத்தில் ஆர்பிஎம், லோடு, எஞ்சின் சூடு எவ்வளவு என்று அதில் இருக்கும். அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும்.

இந்தக் கருவி கொடுத்த காசுக்கு மேல் உழைப்பது ஃபியூவல் ட்ரிம் காட்டுவதில்தான். கலவையைச் சரிக்கட்ட எஞ்சின் கணினி பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதுதான் ட்ரிம். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, நீண்டகால ட்ரிம்மை ஐடிலிங்கில் ஒரு தரம், 2,500 ஆர்பிஎம்மில் நிறுத்தி ஒரு தரம் பாருங்கள். கூட்டலோ கழித்தலோ 5 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. ஐடிலிங்கில் +20, 2,500-ல் +4 என்று இறங்கினால் எங்கோ காற்று கசிகிறது. கசிவு வழியே நுழையும் காற்று ஐடிலிங்கில் பெரிய பங்கு. எஞ்சின் நிறையக் காற்று இழுக்கும்போது அது கணக்கில் வராது. ஏர் ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் குழாயின் மடிப்புகளை விரலால் விரித்துப் பாருங்கள். நின்ற வண்டியில் மூடியிருக்கும் வெடிப்பு, மிதிக்கும்போது எஞ்சின் அசைந்ததும் வாய் திறக்கும்.

மாறாக, ஐடிலிங்கில் சரியாக இருந்து சுமை ஏற ஏற ட்ரிம்மும் ஏறினால், பெட்ரோல் போதவில்லை, அல்லது அழுக்கான ஏர்ஃப்ளோ சென்சார் காற்றைக் குறைத்துச் சொல்கிறது. அந்த சென்சாருக்கென்றே விற்கும் ஸ்ப்ரேயால் மட்டும் கழுவுங்கள். கார்புரேட்டர் கிளீனரும் துணியும் சென்சாருக்குள் இருக்கும் மெல்லிய கம்பியைக் கெடுத்துவிடும்.

ஒரு எச்சரிக்கை: ஏர்ஃப்ளோ சென்சார் இல்லாமல், இன்டேக் காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரை மட்டும் நம்பி ஓடும் வண்டியில் கசிவு ட்ரிம்மில் இவ்வளவு தெளிவாகத் தெரியாது. ஐடிலிங் ஏறி நிற்பதுதான் அடையாளம். அந்த வண்டிகளில், சாவியை மட்டும் போட்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் மேப் அளவைப் பாருங்கள். டர்பன் கடல் மட்டத்தில் 101 கிலோபாஸ்கல் அளவுக்கு வர வேண்டும். ஜோஹன்னஸ்பர்க்கில் எடுத்த வீடியோக்களில் 83 என்று காட்டினால் அது அந்த ஊர் உயரத்துக்குச் சரி. அதே எண் இங்கே வந்தால் சென்சார் பொய் சொல்கிறது.

சுமையில் சோதிக்க பைன்டவுனிலிருந்து க்ளூஃப் ஏறும் ஃபீல்ட்ஸ் ஹில் நல்ல இடம். ஒருவர் ஓட்ட, இன்னொருவர் போனைப் பார்க்கட்டும். பழைய வகை ஆக்ஸிஜன் சென்சார் முழு மிதியில் 0.8 வோல்ட்டுக்கு மேல் நிற்க வேண்டும். 0.2-க்கு விழுந்து கிடந்தால் பெட்ரோல் ஏற்றும் பம்ப் அல்லது அதன் ஃபில்டர் மேல் சந்தேகம். அதை உறுதி செய்ய பிரஷர் கேஜ் வேண்டும். இந்த ஸ்கேனரால் முடியாது. கேஜ் வைக்காமல் பம்ப் வாங்காதீர்கள்.

வேகமும் இதன் பலவீனம். திரையில் ஒரே நேரத்தில் பத்து அளவுகளைப் போட்டால் ஒவ்வொன்றும் வினாடிக்கு ஒரு தரம்கூட மாறாது. கால் வினாடி திக்கல் கண்ணில் படாமலே போகும். ஆர்பிஎம், குறுகியகால ட்ரிம், நீண்டகால ட்ரிம், ஆக்ஸிஜன் என நான்கோடு நிறுத்துங்கள்.

ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில் விஷயத்தில் இது ஏமாற்றவும் செய்யும். எரியாத கலவையில் மிஞ்சும் ஆக்ஸிஜனை சென்சார் 'பெட்ரோல் குறைவு' என்று படிக்கிறது. பிளக் கோளாறு பம்ப் கோளாறு போலத் தெரியும். மிதிக்கும்போது சிலிண்டர் அழுத்தம் ஏறுவதால் பிளக்கில் பொறி தாவ அதிக வோல்ட் வேண்டும். அப்போது அது வெடித்த காயில் ரப்பர் வழியே பக்கத்து இரும்புக்குத் தாவிவிடும். பி0302 (இரண்டாம் சிலிண்டர் சரியாக எரியவில்லை) வந்தால் இரண்டாம் காயிலையும் மூன்றாவதையும் இடம் மாற்றி, கோட் எண்ணை அழித்து ஓட்டுங்கள். பி0303 ஆக மாறினால் காயில்தான். மாறாவிட்டால் பிளக்கையும் அதே மாதிரி மாற்றிப் பாருங்கள். பிளக் பீங்கானில் பென்சில் கோடு போலக் கறுப்புத் தடம் இருந்தால் பிளக், ரப்பர் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். கடற்கரைப் பக்கம் நிற்கும் வண்டிகளில் காயில் சாக்கெட்டின் பித்தளை முனை பச்சை பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள், உப்புக்காற்று உபயம். செக் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மிதிக்காதீர்கள், எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை உருக்கிவிடும்.

கார்புரேட்டர் வைத்த டொயோட்டா டாஸ், பழைய ஃபோக்ஸ்வாகன் சிட்டி கோல்ஃப் வைத்திருப்பவர்களுக்கு இது வெறும் பொம்மை.

வேலை முடிந்ததும் கழற்றி வையுங்கள். சாக்கெட்டின் 16-ஆம் பின்னில் சாவியை எடுத்த பிறகும் பேட்டரி மின்சாரம் இருக்கும். 40 மில்லியாம்ப் இழுத்தாலே ஒரு நாளைக்குச் சுமார் 1 ஆம்பியர்-ஹவர் போகும். மூன்று வாரம் நிறுத்தி வைத்த சின்ன கார் ஸ்டார்ட் ஆகாமல் போகலாம்.