அமுதாவா, செட்சுகோவா: அக்கா மகளுக்கு எந்தப் படம்?

அல்சூரில் அக்கா வீட்டில் சனிக்கிழமை படம் பார்ப்பது வழக்கம். அக்கா மகளுக்குப் பத்து வயது. பள்ளியில் போரைப் பற்றிப் பேச்சு வந்ததாம், “சித்தி, சண்டை நடக்கிற ஊரில் குழந்தைகள் என்ன செய்வார்கள்?” என்று கேட்டாள். என் மனதில் இரண்டு படங்கள் ஓடின.

ஒன்று, மணிரத்னத்தின் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002). தத்தெடுக்கப்பட்டவள் என்று ஒன்பதாவது பிறந்தநாளில் தெரிந்துகொள்ளும் அமுதா, பெற்ற தாயைத் தேடி இலங்கைக்குப் போகிறாள். போர் அவளுக்கு வெளியிலிருந்து வந்து சேர்கிறது. கூடவே அப்பா, அம்மா இருக்கிறார்கள். நம் மொழி, நம் பக்கத்துக் கடல். பாட்டுகளும் கொஞ்சம் மூச்சுவிட இடம் தருகின்றன.

இன்னொன்று, இசாவோ தகஹாதாவின் ஜப்பானிய அனிமேஷன் படம், ‘கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்’ (1988). 1945, கோபே நகரம். குண்டுவீச்சில் தாயை இழந்த செய்தாவுக்கு 14 வயது, தங்கை செட்சுகோவுக்கு நான்கு. மிட்டாய் டப்பா காலியானதும் அண்ணன் அதில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கொடுக்கிறான். அந்த இனிப்புத் தண்ணீரை அவள் ரசித்துக் குடிப்பாள். பின்னால், பசி முற்றியபோது, மிட்டாய் என்று நினைத்துக் கோலிக்குண்டை வாயில் போட்டுக்கொள்வாள். கதையை எழுதிய அகியுகி நோசாகா, போர்க்காலத்தில் தன் தங்கையைப் பட்டினிக்குப் பறிகொடுத்தவர். எனக்கு இதுதான் பெரிய படம். கார்ட்டூன்தானே என்று குழந்தையைத் தனியாக உட்கார வைத்துவிடாதீர்கள்.

சரி, இந்தச் சனிக்கிழமை அமுதாதான். செட்சுகோவுக்கு இன்னும் மூன்று, நான்கு வருடம் போகட்டும். அன்றைக்கு நானும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.