லைசென்ஸா, ஸ்டார்ட்அப்பா? லேப்ல பொறந்த டெக்னாலஜிக்கு எது நல்லது

ரிசர்ச்ல உருப்படியா ஒண்ணு வந்துடுச்சு, பேட்டன்ட்டும் போட்டாச்சு, அடுத்து என்னன்னு கேட்டா இப்பல்லாம் முக்கால்வாசிப் பேர் யோசிக்காம "ஸ்டார்ட்அப் ஆரம்பிங்க"ன்னு சொல்லிடறாங்க. நாங்க அப்படிப் போகல. தண்ணி வடிகட்டுற மெம்பரேன் மேல அழுக்கு சீக்கிரம் ஒட்டாம இருக்க ஒரு கோட்டிங் எங்க லேப்ல வந்துச்சு, அதை ஏற்கனவே மெம்பரேன் தயாரிச்சு வித்துட்டிருக்கிற ஒரு கம்பெனிக்கு லைசென்ஸ் குடுத்தோம். ஏறக்குறைய அதே சமயத்துல பக்கத்து லேப்காரங்க ஸ்டார்ட்அப் பக்கம் போனாங்க. ரெண்டையும் கிட்ட இருந்து பாத்ததுல எனக்கு மனசு லைசென்ஸ் பக்கம்தான் சாயுது. அது எங்கெங்க பொருந்தாதுன்னும் கடைசியில சொல்றேன்.

முதல்ல ஒரு விஷயம், நிறைய பேர் ரெண்டையும் நேர் எதிரா நினைச்சுக்கறாங்க. பெரும்பாலான யுனிவர்சிட்டிகள்ல பேட்டன்ட் யுனிவர்சிட்டி பேர்லதான் இருக்கும், அதனால நீங்களே ஸ்டார்ட்அப் ஆரம்பிச்சாலும் உங்க கம்பெனி யுனிவர்சிட்டிகிட்ட போய் லைசென்ஸ் வாங்கித்தான் ஆகணும். கையில காசு இல்லாத கம்பெனிங்கறதால முன்பணத்துக்குப் பதிலா ஷேர் கேப்பாங்க. எவ்வளவு கேக்கலாம்ங்கறது எல்லா ஊர்லயும் தீராத சண்டை. பிரிட்டன்ல 2023-ல வந்த அரசு ரெவ்யூ, லைஃப் சயின்ஸ் கம்பெனின்னா 10-லேருந்து 25 சதவீதம், சாஃப்ட்வேர் மாதிரி பேட்டன்ட் பெருசா இல்லாததுன்னா 10 சதவீதமோ அதுக்குக் கீழயோன்னு சொல்லுச்சு. ஆக நிஜமான கேள்வி, அந்த லைசென்ஸை ஓடிட்டிருக்கிற கம்பெனி கையில குடுக்கறதா, இன்னும் பொறக்காத கம்பெனி கையில குடுக்கறதாங்கறதுதான்.

இன்னொண்ணு, பேட்டன்ட் யாரோடதுன்னு முதல்லயே ஊர்ஜிதம் பண்ணிக்கங்க. 2011-ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்ன, ஸ்டான்ஃபோர்ட் யுனிவர்சிட்டிக்கும் ரோஷ் மருந்து கம்பெனிக்கும் நடந்த வழக்குல, ஒரு ஆராய்ச்சியாளர் வேற கம்பெனி லேப்ல கத்துக்கப் போனப்ப கையெழுத்துப் போட்ட ஒரு பேப்பர்னால ஸ்டான்ஃபோர்டோட உரிமையே ஆட்டம் கண்டுச்சு. அரசு காசுல நடந்த ஆராய்ச்சியோட பேட்டன்ட்டை யுனிவர்சிட்டி வெச்சுக்க வழி பண்ணின பேய்-டோல் சட்டம் 1980-லயே வந்திருந்தும் அது தானா உரிமையைத் தூக்கி யுனிவர்சிட்டி கையில குடுத்துடாதுன்னு கோர்ட் சொல்லிடுச்சு. லேப்ல வேலை செஞ்ச ஒவ்வொருத்தரும் எங்கெங்க என்னென்ன கையெழுத்துப் போட்டாங்கன்னு தெரியாம எந்த வழியில போனாலும் ஆபத்துதான்.

பணத்தை வெச்சு முடிவு பண்றது வேண்டாம். கூகுள் கதையை எல்லாரும் சொல்லுவாங்க, கூகுள் சர்ச்சுக்கு அடிப்படையான பேஜ்ரேங்க் முறையோட பேட்டன்ட் ஸ்டான்ஃபோர்டோடது, லைசென்ஸுக்குப் பதிலா வாங்கின ஷேரை 2005-ல வித்தப்ப கிட்டத்தட்ட 336 மில்லியன் டாலர் வந்துச்சு. அதுக்கு நிகரா இந்தப் பக்கம் கோஹன்-போயர் ஜீன் ஒட்டும் டெக்னாலஜி, யாருக்கும் தனி உரிமைன்னு இல்லாம 468 கம்பெனிகளுக்கு லைசென்ஸ் குடுத்து, 1997-ல பேட்டன்ட் முடியறதுக்குள்ள சுமார் 255 மில்லியன் டாலர். அதுலயும் அதைக் கண்டுபிடிச்சவர்ல ஒருத்தரான போயரே 1976-ல ஜெனன்டெக்ங்கற பயோடெக் கம்பெனியை ஆரம்பிச்சவர்ல ஒருத்தர், ஆக அந்த ஆராய்ச்சி ரெண்டு வழியிலயும் போச்சு. இதெல்லாம் லட்சத்துல ஒண்ணு. பெரும்பாலான பேட்டன்ட்டுக்கு வர்ற காசு, அதை ஃபைல் பண்ணிக் காப்பாத்தின செலவுக்கே சரியாப் போகும். அதனால யார் அதிகம் சம்பாதிப்பாங்கன்னு கணக்குப் போட்டு வழியைத் தேர்ந்தெடுக்கறதுல எனக்கு நம்பிக்கை இல்ல.

நான் பாக்கறது ஒரே ஒரு விஷயத்தைத்தான்: காரியம் ஆகலைன்னா அந்த டெக்னாலஜி திரும்பக் கைக்கு வருமா, வந்தா எந்த நிலைமையில வரும்?

ஏன் இதையே புடிச்சுத் தொங்கறேன்னா, பேட்டன்ட்டுக்கு ஆயுசு ஃபைல் பண்ணின நாள்லேருந்து 20 வருஷம், அது யாருக்காகவும் நிக்காது. முதல் ஃபைலிங்லேருந்து 12 மாசத்துக்குள்ள பிசிடி, அதாவது பல நாடுகளுக்கும் சேர்த்து ஒரே சர்வதேச விண்ணப்பம், போடணும், 30 மாசம் ஆகும்போது எந்தெந்த நாட்டுல வேணும்னு முடிவு பண்ணி நாட்டுக்கு நாடு தனித்தனியா காசு கட்டணும், அங்கதான் முதல் பெரிய பில் வரும், அதுக்கப்புறம் மொழிபெயர்ப்பு, வக்கீல், புதுப்பிக்கிற கட்டணம்னு ஓடிக்கிட்டே இருக்கும். லைசென்ஸ் எடுத்தவங்க அஞ்சாறு வருஷம் அதைத் தூக்கி ஓரமா வெச்சுட்டு அப்புறம் வேண்டாம்னு திருப்பிக் குடுத்தா, கைக்கு வர்றது வயசான பேட்டன்ட், நடுவுல நாலு நாட்டுல காசு கட்டாம செத்துப் போயிருக்கும், புதுசா எடுக்க வர்றவன் பாதி விலைகூடச் சொல்ல மாட்டான். லேப்ல நல்லா வேலை செஞ்ச ஒரு விஷயம் யாருக்கும் உபயோகம் இல்லாம செத்துப் போறது பெரும்பாலும் இப்படித்தான்.

"பெரிய கம்பெனிக்குக் குடுத்தா கிடப்புல போட்டுடுவாங்க"ன்னு லைசென்ஸ் மேல எல்லாரும் சொல்ற குறையும் இதேதான். அந்த பயம் நியாயமானது. ஆனா அதை அக்ரிமென்ட்லயே கட்டிப் போட முடியும், இது தெரியாமலேயே நிறைய பேர் ஸ்டார்ட்அப் பக்கம் ஓடிடறாங்க. எங்க அக்ரிமென்ட்ல டெக்னாலஜியை மொத்தமா குடுக்கல, உபயோகத்தைப் பிரிச்சு, கடல் தண்ணி சுத்திகரிப்பு ஒரு ஃபீல்டு, பால் பதப்படுத்தற தொழிற்சாலை ஒரு ஃபீல்டுன்னு தனித்தனியா குடுத்தோம். ஒவ்வொண்ணுக்கும் மைல்ஸ்டோன் வெச்சோம், இந்தத் தேதிக்குள்ள முழு சைஸ்ல ஒரு மாட்யூல், இந்தத் தேதிக்குள்ள வெளிய ஒரு கஸ்டமர்கிட்ட சோதனை, இந்தத் தேதிக்குள்ள முதல் விற்பனைன்னு. எட்டலைன்னா நோட்டீஸ் குடுக்கணும், சரி பண்ண டைம் குடுக்கணும், அப்பவும் இல்லைன்னா அந்த ஃபீல்டு மட்டும் யுனிவர்சிட்டிக்குத் திரும்பிடும். வித்தாலும் விக்கலைன்னாலும் வருஷா வருஷம் ஏறிக்கிட்டே போற மினிமம் ராயல்டியும் உண்டு, சும்மா பூட்டி வெச்சுக்கறதுக்கும் காசு ஆகும்ங்கறப்ப கம்பெனிக்குள்ளயே யாரோ ஒருத்தர் "இதை வெச்சுக்கறோமா விடறோமா"ன்னு வருஷத்துக்கு ஒரு தடவையாவது கேட்டாகணும் இல்லையா.

நிஜமாவே அப்படித்தான் நடந்துச்சு. கடல் தண்ணி பக்கம் வேலை ஓடுச்சு, பால் தொழிற்சாலை பக்கம் அவங்களுக்கு ஆர்வம் போயிடுச்சு, கம்பெனியோட கவனம் வேற எங்கயோ திரும்பிடுச்சு. மைல்ஸ்டோன் தவறிச்சு, நோட்டீஸ் போச்சு, அந்த ஃபீல்டு எந்தச் சண்டையும் இல்லாம திரும்ப வந்துச்சு. இப்ப வேற ஒரு கம்பெனி அதை எடுத்து டெஸ்ட் பண்ணிட்டிருக்காங்க.

ரெண்டு ஷரத்து பத்தி மட்டும் கூடக் கொஞ்சம் சொல்லணும், ஏன்னா இதைப் பேரம் பேசும்போது யாரும் ஞாபகப்படுத்த மாட்டாங்க. ஒண்ணு, லைசென்ஸ் எடுத்தவங்க எந்த நாட்டுலயாவது பேட்டன்ட்டுக்குக் காசு கட்டறதை நிறுத்தப் போறாங்கன்னா கடைசித் தேதிக்கு நல்லா முன்னாடியே எழுத்துல சொல்லணும், அப்பதான் யுனிவர்சிட்டி தன் காசைப் போட்டுக் காப்பாத்திக்க முடியும். ரெண்டாவது, எனக்கு இது அதைவிட முக்கியம்: பேட்டன்ட் மட்டும் திரும்பி வந்தா போதாது, அவங்க செஞ்ச சோதனை டேட்டா, பெரிய அளவுல தயாரிக்கப் பாத்தப்ப கண்டுபிடிச்ச ப்ராசஸ் விவரம், அனுமதிக்குக் குடுத்த ஃபைல் எல்லாத்தையும் உபயோகிக்கிற உரிமையும் கூடவே வரணும். அது இல்லைன்னா அடுத்து எடுக்கறவன் முதல்லேருந்து அத்தனை சோதனையும் பண்ணணும், அந்தச் செலவைப் பாத்தே ஓடிடுவான். டேட்டா ஷரத்துக்குக் கம்பெனிக்காரங்க சுலபத்துல ஒத்துக்க மாட்டாங்க, நாங்களும் கேட்டது முழுசா கிடைக்கல, சோதனை டேட்டாவை மட்டும்தான் எழுத்துல வாங்க முடிஞ்சுது. அதுவே பால் பக்கம் ரெண்டாவது கம்பெனி வர்றதுக்குப் பெரிய உதவியா இருந்துச்சு.

இப்ப ஸ்டார்ட்அப்புக்கு இதே கேள்வியைப் போட்டுப் பாருங்க. காகிதத்துல அங்கயும் மைல்ஸ்டோன் இருக்கும். ஆனா சின்ன கம்பெனிக்கு எல்லா ஃபீல்டையும் சேர்த்து வேற யாருக்கும் இல்லாம மொத்தமா எக்ஸ்க்ளூசிவா குடுக்கலைன்னா இன்வெஸ்டர் பக்கத்துல வர மாட்டாங்க, சில பேர் லைசென்ஸ் போதாது பேட்டன்ட்டையே கம்பெனி பேர்ல மாத்துங்கன்னு நிப்பாங்க. அப்ப ஃபீல்டு ஃபீல்டா திரும்ப வாங்கறதுங்கற பேச்சே இல்ல. மைல்ஸ்டோன் தவறினாலும் நோட்டீஸ் அனுப்ப மனசு வராது, ஏன்னா எதிர்ப்பக்கம் இருக்கறது நம்ம பழைய ஸ்டூடண்ட், நோட்டீஸ் போனா அடுத்த ரவுண்டு ஃபண்டிங் நின்னுடும்னு யுனிவர்சிட்டியில பேட்டன்ட், லைசென்ஸ் வேலையைப் பாக்கற டெக் டிரான்ஸ்ஃபர் ஆபீஸுக்கும் தெரியும், அதோட யுனிவர்சிட்டி கையில இருக்கற ஷேருக்கும் மதிப்பு போயிடும். அதனால தள்ளிப் போட்டுக்கிட்டே போவாங்க. கம்பெனி சாகவும் செய்யாது, வளரவும் செய்யாது, வருஷம் மட்டும் ஓடும். திவாலானா லைசென்ஸ் தானா ரத்தாகும்னு எழுதி வெச்சிருந்தாலும் சில நாடுகள்ல கோர்ட் அதை ஏத்துக்காம போகலாம். அதுக்கு மேல, கம்பெனி ஆரம்பிச்சப்புறம் கண்டுபிடிச்ச மேம்பாடெல்லாம் கம்பெனி பேர்ல இருக்கும், மூலப் பேட்டன்ட் திரும்பி வந்தாலும் அந்த மேம்பாடு இல்லாம அது ஓடாது, பாதிச் சாவியைக் கையில குடுத்த கதைதான்.

பக்கத்து லேப்ல இந்த நிலைமையைத்தான் பாத்தேன். அவங்க டெக்னாலஜி எங்களோடதைவிட நல்லாவே இருந்துச்சு, உழைப்பிலயும் குறை சொல்ல முடியாது, அங்க பிஎச்டி முடிச்சு போஸ்ட்டாக்கா ஆராய்ச்சி பண்ணிட்டிருந்த பையன் வேலையை விட்டுட்டு முழு நேரமா இறங்கினான். முதல் ப்ராடக்ட் மார்க்கெட்ல போகல, வேற ப்ராடக்டுக்குத் திரும்பினாங்க, பழைய பேட்டன்ட் இன்னும் அவங்க கம்பெனி கையிலேயே எக்ஸ்க்ளூசிவா இருக்கு, ஆனா யாரும் தொடறது இல்ல. அதைக் கேட்டு வந்த ஒரு கம்பெனிக்குக் குடுக்கவும் வழி இல்லாம போச்சு. எனக்கு நிஜமா வருத்தமா இருந்த விஷயம் அது.

பொறுமைங்கற விஷயத்துலயும் லைசென்ஸ்தான் ஜெயிக்குதுன்னு நினைக்கறேன். ஸ்டான்ஃபோர்ட்ல ஜான் சௌனிங் எஃப்எம் முறையில, அதாவது ஒரு அலையை வெச்சு இன்னொரு அலையோட அதிர்வெண்ணை மாத்தி, வாத்திய ஒலி உண்டாக்கற வழியை 1967-ல கண்டுபிடிச்சார், அமெரிக்க ஆர்கன் கம்பெனிங்க அதைக் கண்டுக்கல, 1970-கள்ல யமஹா லைசென்ஸ் எடுத்துச்சு, ஆனா அதுல பெருசா விலைபோன டிஎக்ஸ்7 கீபோர்டு வந்தது 1983-ல. நடுவுல அதுக்கு வேண்டிய சிப் விலை குறையணும், இஞ்சினியருங்க அதை ஒரு வாத்தியமா மாத்தணும், அத்தனை வருஷம் வேற பியானோவும் ஆர்கனும் வித்துக்கிட்டு ஒரு கம்பெனியால காத்திருக்க முடிஞ்சுது. விக்க ஒண்ணுமே இல்லாத ஒரு ஸ்டார்ட்அப் அவ்வளவு காலம் இன்வெஸ்டர் காசுல தாக்குப் புடிச்சிருக்குமான்னா கஷ்டம்தான். எங்க கோட்டிங்கும் அப்படித்தான், அதைத் தனியா யாரும் வாங்க மாட்டாங்க, மெம்பரேனோட சேர்ந்துதான் விலை போகும், மெம்பரேன் போடற லைனை நாங்க புதுசா கட்டணும்னா அந்தச் செலவுக்கு எந்தக் காலத்துலயும் கட்டுபடி ஆகாது.

சரி, ஸ்டார்ட்அப் எப்ப? லைசென்ஸ் எடுக்க ஆளே இல்லாதப்ப. கூகுளை ஆரம்பிச்ச லாரி பேஜும் செர்கே பிரின்னும் முதல்ல தங்க சர்ச் டெக்னாலஜியை இருக்கற கம்பெனிகளுக்குக் குடுக்கத்தான் பாத்தாங்க, யாரும் எடுக்காததால 1998-ல தாங்களே கம்பெனி ஆரம்பிச்சாங்க. இன்னொரு சூழ்நிலை, ஒரே டெக்னாலஜியிலேருந்து பல ப்ராடக்ட் வரும், ஆனா அதைச் செய்யறதுக்குன்னு ஒரு தொழிலே இன்னும் உருவாகலைங்கற நிலைமை. கேம்பிரிட்ஜ்ல பாலசுப்ரமணியனும் க்ளெனர்மனும் டிஎன்ஏ படிக்கிற புது முறைக்கு சொலெக்ஸாங்கற கம்பெனியை ஆரம்பிச்சது அப்படித்தான், அதை அப்ப எந்தக் கம்பெனியோட ப்ராடக்ட்லயும் கொண்டு போய்ச் செருகியிருக்க முடியாது. கெமிஸ்ட்ரி, ஆப்டிக்ஸ், சாஃப்ட்வேர் எல்லாத்தையும் ஒரே கூரைக்குக் கீழ கொண்டு வரணும், அதுக்குன்னே ஒரு கம்பெனி வேணும். 2007-ல இலுமினாங்கற அமெரிக்க கம்பெனி அதை வாங்கிடுச்சுங்கறது வேற விஷயம், அதுவரைக்கும் தூக்கிக்கிட்டு வர ஒரு ஸ்டார்ட்அப் இல்லாம முடிஞ்சிருக்காது.

ஆனா அப்பவும் முழு நேரமா இறங்க ஒரு ஆள் இருக்கணும். புரொஃபசர் க்ளாஸும் எடுத்துக்கிட்டு கம்பெனியும் நடத்தறது ஓடாது, ஸ்டூடண்டோட தீசிஸ் வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் நடுவுல கோடு அழிஞ்சு போகும், பப்ளிஷ் பண்றதைத் தள்ளிப் போடச் சொல்லி ஸ்டூடண்டை உக்கார வெக்கறது எந்த விதத்துலயும் நியாயம் இல்ல. லைசென்ஸ்லயும் லேப் ஆளுங்க கம்பெனிக்குப் போய் கத்துக் குடுக்கத்தான் வேணும், பேட்டன்ட்டைப் படிச்சு மட்டும் யாராலயும் அந்தக் கோட்டிங்கைப் போட முடியாது, அந்த நேரத்துக்கு கன்சல்டிங் சம்பளம்னு தனியா எழுதிக்கங்க.

நான் சொன்னதெல்லாம் மெட்டீரியல்ஸ் பக்கம் பாத்ததை வெச்சு. மருந்துல எனக்கு நேரடி அனுபவம் இல்ல, அங்க க்ளினிக்கல் ட்ரயல் செலவும் காலமும் வேற அளவு, சின்ன கம்பெனி ஆரம்பக் கட்ட ட்ரயல் வரைக்கும் கொண்டு போய் பெரிய கம்பெனிக்குக் கை மாத்தறது அங்க சாதாரணம்னு அந்தத் துறை நண்பர்கள் சொல்றாங்க, அவங்க பேச்சைக் கேளுங்க. சாஃப்ட்வேர்ல நான் இவ்வளவு அழுத்தமா லைசென்ஸ் பக்கம் பேச மாட்டேன், அங்க பேட்டன்ட்டைவிட எழுதின ஆளுங்கதான் சொத்து, பேட்டன்ட் ஆயுசு ஓடுதேங்கற அவசரமும் அங்க வேற மாதிரி. எங்கள மாதிரி, இருக்கற ஒரு ப்ராடக்ட்டுக்குள்ள போய் உக்கார்ற டெக்னாலஜி உங்ககிட்ட இருந்தா, ஸ்டார்ட்அப்புக்குப் பேர் யோசிக்கறதுக்கு முன்னாடி டெக் டிரான்ஸ்ஃபர் ஆபீஸ்ல போய் அவங்க வழக்கமா போடற லைசென்ஸ் அக்ரிமென்ட் ஒரு காப்பி வாங்கி, ரத்தாகறதைப் பத்தின பக்கத்தை முதல்ல படிங்க.