ஜோங்காவுக்கு வின்ச் மாட்டப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

கம்பம், குமுளி, கட்டப்பனை வட்டாரத்தில் பழைய ஜோங்கா, வில்லீஸ், மேஜர் ஜீப் வைத்திருப்பவர்கள் தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால் வின்ச், அதாவது சேற்றில் புதைந்த வண்டியைக் கம்பி ரோப்பால் இழுத்தெடுக்க முன்பக்கம் மாட்டும் மோட்டார், தேடி அலைவது வழக்கம். அவர்களுக்குத்தான் இந்தப் பதிவு. மலைக்கு மேலே, கேரளப் பக்கம், ஒரு பட்டறையில் வின்ச், பம்பர், ஃபிட்டிங் எல்லாம் சேர்த்து 58,000 ரூபாய் கொடுத்தேன். சொன்னது ஒன்று, மாட்டியது வேறொன்று. புகார் கொடுத்திருப்பதால் பெயரைப் போடவில்லை. எப்படி ஏமாற்றுகிறார்கள் என்பது தெரிந்தால் எந்தப் பட்டறையிலும் உஷாராக இருந்துகொள்ளலாம்.

வண்டி ராணுவ ஏலத்தில் வந்த ஜோங்கா, ஜபல்பூர் தொழிற்சாலையில் நிசான் பேட்ரோலை வைத்துச் செய்தது. காலியாகவே ஒன்றரை டன்னுக்கு மேல், உரமும் ஏலக்காய்ச் சாக்கும் ஆட்களும் ஏறினால் இரண்டரையைத் தொடும். சுமையோடு சேர்த்து வண்டி என்ன எடையோ, அதில் ஒன்றரை மடங்கு இழுக்கிற வின்ச் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அப்படிப் பார்த்தால் எனக்கு 9,500 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 4,300 கிலோ, போதும். பட்டறைக்காரரோ "அண்ணா, அது சின்ன ஜீப்பினு மதி (போதும்), ஜோங்காவுக்கு இது வேணும்" என்று 12,000 பவுண்டு ஸ்டிக்கர் ஒட்டிய ஒன்றை எடுத்து வைத்தார். விலை மட்டும் 9,500 பவுண்டு வின்ச் விலையாம், பழக்கத்துக்காகக் குறைத்தாராம்.

மாட்டி முடித்ததும் சோதனை என்று ஒன்று காட்டினார். பட்டறை முற்றத்தில் நின்ற ஒரு கமாண்டர் ஜீப்பை நியூட்ரலில் போட்டு இழுத்தார், அது அழகாக நகர்ந்து வந்தது, சுற்றி நின்றவர்கள் எல்லாம் தலையாட்டினார்கள். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். சிமெண்ட் தரையில் நியூட்ரலில் நிற்கிற ஜீப்பை இரண்டு ஆள் தள்ளினாலே நகரும், அதற்கு வண்டி எடையில் சில சதவீதம் விசை போதும். அச்சு வரை சேற்றில் புதைந்த வண்டியை எடுக்க அதன் முழு எடை அளவுக்கு, ஏற்றமும் சேர்ந்தால் அதற்கும் மேலே இழுக்க வேண்டியிருக்கும். முற்றத்துச் சோதனையில் வின்ச் ஓடுகிறதா என்பது தெரியும், தாங்குமா என்பது தெரியாது. இன்னொன்று, டப்பாவில் போட்டிருக்கும் பவுண்டு கணக்கு, ரோப்பைச் சுற்றுகிற டிரம்மில் ரோப் முதல் சுற்று அடுக்கில் இருக்கும்போது மட்டும்தான். மேலே மேலே சுற்றச் சுற்ற இழுவை குறையும், நான்காவது அடுக்கில் மூன்றில் ஒரு பங்காவது போய்விடும். இதையெல்லாம் விற்கிறவர் யாரும் சொல்வதில்லை.

வண்டன்மேட்டுக்கு அந்தப் பக்கம் தோட்டத்துப் பாதையில் நல்ல மழையில் வண்டி புதைந்தது. எதிரே பலா மரத்தில் பட்டைப் பெல்ட் போட்டு, ரோப்பை மாட்டி இழுத்தால், வண்டி அசையவில்லை, பம்பர்தான் முன்னால் வளைந்து வந்தது. "நிறுத்துங்க நிறுத்துங்க" என்று டிரைவர் அண்ணன் கத்துவதற்குள் வலது பக்க போல்ட் தெறித்து, வின்ச் அப்படியே திரும்பிக்கொண்டது. ரோப் மேல் ஈரச்சாக்கு ஒன்றை அவர் முன்கூட்டியே போட்டிருந்தார், அதனால் கம்பி எகிறாமல் அங்கேயே விழுந்தது. பக்கத்தில் தோட்டத்துப் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவ்வளவுதான் சொல்வேன்.

கீழே கொண்டுவந்து தேனியில் ஒரு லேத்துக்காரரிடம் பிரித்துப் பார்த்தோம். 12,000 பவுண்டு வின்ச்சில் கம்பி ரோப் பொதுவாக 9.5 மில்லிமீட்டர் இருக்கும், வெர்னியர் வைத்து அளந்தால் இதில் 7 சொச்சம், ஏறக்குறைய 6,000 பவுண்டு வின்ச்சுக்குப் போடுகிற கனம். ஸ்டிக்கரை உரித்தால் அடியில் பழைய ஸ்டிக்கரைச் சுரண்டிய தடம். போல்ட் தலையில் எந்த எண்ணும் இல்லை. வின்ச்சுக்கு, பலத்தைக் காட்டுகிற 8.8 என்ற எண்ணைத் தலையில் பொறித்த போல்ட் வேண்டும், கதவுக் கீலுக்குப் போடுகிற சாதா போல்ட் அதில் பாதி பலம்கூட இல்லாமல் நீண்டுவிடும். இதைவிடப் பெரிய அநியாயம், வின்ச் உட்கார்ந்த பிளேட்டுக்கும் சேஸுக்கும் (வண்டியின் அடிச்சட்டம்) சம்பந்தமே இல்லை. பம்பர் தகட்டில் நாலு இடத்தில் வெல்டிங் வைத்து, மேலே கறுப்புப் பெயிண்ட் அடித்து மூடியிருக்கிறார்கள். பேட்டரியிலிருந்து வந்த வயரும் மெலிசு, இன்சுலேஷன் இளகியிருந்தது. முழுச் சுமையில் 12 வோல்ட் வின்ச் 400 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், கட்-ஆஃப் சுவிட்சும் கிடையாது.

திருப்பிக் கேட்டதற்கு, "ஓவர்லோட் கொடுத்தது நீங்க அண்ணா, பம்பரினு ஒண்ணும் ஆகத்தில்ல (ஒன்றும் ஆகாது)" என்றார். வளைந்த பம்பரைக் காட்டினேன். வேறு ஆளைப் பார்த்துப் பேசப் போய்விட்டார். பில் என்று கொடுத்தது ஒரு துண்டுச்சீட்டு, 'வின்ச் செட்' என்பதோடு சரி, சீரியல் நம்பர் இல்லை. அழகுக்கு என்று வின்ச்சைச் சுற்றி ஒரு பைப் கார்டு வேறு சேர்த்திருந்தார். 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கிராஷ் கார்டு, புல் பார் எல்லாம் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுக்கு விரோதம் என்று மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. குமுளியில் வண்டியைப் பிடித்து நிறுத்தினால் பதில் சொல்ல வேண்டியது நாம்தான், அவர் இல்லை.

கடை கேரளாவில், வீடு கம்பத்தில், யாரிடம் போய் முறையிடுவது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், இடுக்கிக்கு அலைய வேண்டாம். இரண்டு வருஷத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் செய்தாலும் வழி சொல்வார்கள். நான் தேனியில் கொடுத்திருக்கிறேன்.

லேத்துக்காரர் இப்போது இரண்டு சேஸ் கொம்புக்கும் (சேஸின் முன் நுனிகள்) குறுக்கே கனமான பிளேட் வைத்து, வெல்டிங் இல்லாமல் 8.8 போல்ட்டில் இறுக்குகிறார். வேலை நடக்கும்போது நானும் பக்கத்திலேயே நிற்கிறேன், பெயிண்ட் கடைசியில்தான். உங்கள் வண்டியிலும் சமீபத்தில் மலை மேலே மாட்டியிருந்தால், நாளைக்கே கீழே படுத்துப் பிளேட் எதில் பிடித்திருக்கிறது என்று பாருங்கள், ரோப் கனத்தை அளந்து போட்டோ எடுத்துவையுங்கள். அதே ஸ்டிக்கர் என்றால் எனக்கும் தெரியப்படுத்துங்கள், புகாரோடு சேர்த்துவிடலாம்.