உவர்மலையா லண்டனா: 183 நாள் கணக்கில் நான் வழுக்கிய இடம்

என் பிரித்தானியக் கடவுச்சீட்டில் இரண்டு முத்திரைகள். உள்ளே வந்தது 2023 டிசம்பர் 15, வெளியே போனது 2024 ஜூன் 30. மாரி மழையில் வந்து, கச்சான் காற்று புழுதி கிளப்பத் தொடங்கியதும் கிளம்பினேன். இடையில் 199 நாள். அப்போது எனக்கு அது ஒரு நீண்ட விடுமுறை. வரிச்சட்டத்தின் கண்ணில் அப்படியில்லை.

பிள்ளைகள் லண்டனில், தாய்வீடு திருகோணமலை உவர்மலையில் என்று இருக்கிற எங்களைப் போன்றவர்களுக்கு இரண்டு வழி. லண்டனில் வதிபவராக, அதாவது வரிச்சட்டம் அந்த நாட்டு வாசியாக எண்ணுகிறவராக, இருந்துகொண்டு இங்கே ஆறு மாதத்துக்குக் குறைவாக நிற்கலாம். அல்லது இங்கே வதிபவராகி, லண்டனுக்கு விருந்தாளியாகப் போகலாம். முதலாவதில் அடிபட்டு இரண்டாவதுக்கு வந்தவள் நான். ஆகவே நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள்.

தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரு நாட்டிலும் விதி ஒன்றுதான்: அங்கே வதிபவருக்கு உலக வருமானம் முழுவதும் கணக்கு. வதியாதவருக்கு அந்த நாட்டில் கிடைக்கிற வருமானம் மட்டும். வீசாவா, இரட்டைக் குடியுரிமையா என்பது குடிவரவுக்காரர் பார்க்கிற விஷயம். நாள் எண்ணிக்கையை அது மாற்றாது.

இனி நான் வழுக்கிய இடம். இலங்கையின் மதிப்பீட்டாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. "மார்ச் 31ஓட பழைய கணக்கு முடிஞ்சுது அக்கா, ஏப்ரல் முதலாந் திகதியிலயிருந்து புதுசா எண்ணுங்கோ" என்றார் எனக்கு வரிப் பத்திரம் நிரப்பித் தந்தவர். எண்ணிப் பார்த்தேன். மார்ச் வரை 108, அதன்பின் 91. வதிபவராக்குகிற 183-ஐ இரண்டுமே தொடவில்லை. நிம்மதியாகக் கோணேசர் திருவிழாவையும் பார்த்துவிட்டுத்தான் போனேன்.

ஆனால் 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் அப்படி எண்ணவில்லை. மதிப்பீட்டாண்டில் தொடங்குகிற அல்லது முடிகிற எந்தப் பன்னிரண்டு மாதத்தை எடுத்தாலும், அதற்குள் மொத்தம் 183 நாள் இங்கே நின்றிருந்தால் வதிபவர். மார்ச் 31 ஒரு வேலியே இல்லை. டிசம்பர் 15இலிருந்து பன்னிரண்டு மாதம் எண்ணினால் என் 199 நாளும் உள்ளே வந்துவிடும். அந்தப் பன்னிரண்டு மாதம் ஓர் ஆண்டில் தொடங்கி அடுத்ததில் முடிவதால் இரண்டு ஆண்டுமே மாட்டியது. முதல் ஆண்டில் லண்டனிலும் நான் வதிபவர்தான். இரண்டு பக்கமும் உரிமை கோரினால் யாருக்குச் சொந்தம் என்று தீர்க்க 1979ஆம் ஆண்டின் இரட்டை வரி ஒப்பந்தம் இருக்கிறது. நிரந்தர வீடு எங்கே, வாழ்க்கையின் மையம் எங்கே என்று அது வரிசையாகக் கேட்கும். கேள்வி நியாயமானதுதான். பதிலுக்குப் பத்திரம் சேர்ப்பதற்குள் எனக்கு நாரி முறிந்தது.

அதனால் லண்டனில் வதிந்துகொண்டு இங்கே வந்துபோகிறவர் ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னும் பின்னும் பன்னிரண்டு மாதத்தைத் தட்டிப் பார்த்தபடியே இருக்கவேண்டும். ஆறு மாதம் நிற்க ஆசைப்படுகிற எவருக்கும் அது வருடம் முழுவதும் ஓடுகிற தலையிடி.

மறுவழியில் லண்டன் நாட்களைத்தான் எண்ணவேண்டும். அங்கே விதி நீளமானது, ஆனால் ஆண்டுக்கு வேலி உண்டு: ஏப்ரல் 6 முதல் அடுத்த ஏப்ரல் 5 வரை. நள்ளிரவில் அந்த மண்ணில் இருந்தால் ஒரு நாள். அதோடு அங்கே எத்தனை பிணைப்பு, அதாவது வீடு, குடும்பம், முன்பு நின்ற நாட்கள் போன்ற தொடர்பு, இருக்கிறது என்றும் பார்ப்பார்கள். முந்தைய மூன்று ஆண்டில் ஒன்றிலாவது அங்கே வதிந்த என்னைப் போன்றவருக்கு இரண்டு பிணைப்பு இருந்தால் வதிபவராகாமல் 90 நாள் வரை நிற்கலாம். மூன்றானால் 45. ஒன்றுதான் என்றால் 120.

என் பிணைப்பு எவை? முந்தைய இரண்டு ஆண்டில் ஏதாவது ஒன்றில் 90 நாளுக்கு மேல் நின்றதால் ஒன்று. மற்றது மகன் வீடு. எனக்கென்று எப்போதும் ஓர் அறை அங்கே இருக்கிறது. நெருங்கிய உறவினர் வீடு என்பதால் 16 இரவு படுத்தால்தான் அது பிணைப்பாகும். பதினைந்தோடு எழும்பிப் போகிற தாய் உலகத்தில் இல்லை, ஆகவே இரண்டு என்றே எடுத்துக்கொண்டேன். மகன் வளர்ந்தவன் என்பதால் குடும்பப் பிணைப்பு கிடையாது. பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையோ கணவரோ அங்கே வதிந்தால் கதை வேறு. அங்கேயுள்ள என் சொந்த வீட்டை வாடகைக்கு விட்டிருப்பதால் அதுவும் கணக்கில் இல்லை. ஆக 90 நாள். பேரப்பிள்ளைகளின் கோடை விடுமுறைக்குத் தாராளம்.

வரி வீதத்தில் உவர்மலைதான் மலிவு என்று சத்தியம் பண்ணமாட்டேன். 2025 ஏப்ரலிலிருந்து 18 லட்சம் ரூபா விலக்கு, அடுத்த 10 லட்சத்துக்கு 6 வீதம். அதற்குமேல் படி செங்குத்து: ஆண்டு வருமானம் 43 லட்சத்தைத் தாண்டினால் மிகுதிக்கு 36 வீதம். பெரிய வாடகை வருமானம் உள்ளவருக்கு லண்டன் பக்கமே இலேசாகப்படலாம். பிரித்தானிய அரச ஓய்வூதியமும் இலங்கையில் வாழ்பவருக்கு ஆண்டுதோறும் கூடாது, தொடங்கிய தொகையிலேயே உறைந்துவிடும். எனக்கு இன்னும் அந்த வயது வரவில்லை. வந்தபின் இதே உற்சாகத்தோடு எழுதுவேனா தெரியாது.

கனடாவிலிருந்து வந்து நிற்கிற பக்கத்து வளவு அண்ணை தன் கணக்கு வேறு என்கிறார். அங்கே ஜனவரி முதல் டிசம்பர், அரை நாளும் ஒரு நாள், 183-ஐவிட வீடும் மனைவியும் எங்கே என்பதே பெரிது. நான் அந்தப் பத்திரம் நிரப்பியதில்லை. அவர் சொல்வதோடு நிறுத்துகிறேன்.

இந்த முறை மகன் ஹீத்ரோவில் இரவு 10.40க்கு இறங்குகிற ரிக்கெற் ஒன்றைப் பார்த்து அனுப்பினான். "காலமை இறங்கிற பிளேன் இருந்தால் பார் தம்பி" என்றேன். "விலை கூட அம்மா, ஏன்?" என்றான். குசினிச் சுவரில் தொங்குகிற கலண்டரைப் படமெடுத்து அனுப்பினேன். லண்டன் இரவுகளைச் சிவப்புப் பேனையால் குறித்திருக்கிறேன், இதுவரை 41.