கோடாலி தீட்டக் கொடுத்து 2,500 ரூபா போச்சு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். மாரி தொடங்குவதற்கு முன் விறகு கொத்தி அடுக்க வேண்டும் என்று அம்மப்பாவின் கோடாலியை வெளியே எடுத்தேன். வாய் மழுங்கிக் கிடந்தது. யாழ்ப்பாணம் டவுனில் கத்தி, அரிவாள் தீட்டுகிற ஒரு கடைக்குக் கொண்டு போனேன்.

அங்கே இருந்தவர் கோடாலியை வாங்கி, பெருவிரலை வாய்க்குக் குறுக்கே மெல்ல இழுத்துப் பார்த்தார். நீளவாக்கில் இழுத்தால் விரல் வெட்டுப்படும், விசயம் தெரிந்தவர் குறுக்கேதான் பார்ப்பார். "தம்பி, இந்தப் பழைய இரும்பை மிஷினில வைக்கக் கூடாது. அரத்தால ராவி, கல்லில தண்ணி தொட்டுக் கையாலதான் தீட்டுவன்" என்றார். அந்தப் பேச்சில்தான் விழுந்தேன். 2,500 ரூபாவையும் முன்கூட்டியே கொடுத்தேன். காசு கொடுத்ததற்குத் துண்டு (பற்றுச்சீட்டு) கேட்கவில்லை.

மூன்று நாள் கழித்துப் பேப்பரில் சுற்றித் தந்தார்கள். வீட்டில் பிரித்தால், வாய் நுனி நெடுகிலும் நீலம், அதற்குப் பின்னால் வைக்கோல் நிறத்தில் ஒரு கோடு. கையால் தீட்டினால் இந்த நிறம் வராது. வேகமாகச் சுற்றுகிற கிரைண்டரில் அழுத்திப் பிடித்திருக்கிறார்கள். உருக்கு 300 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடானால்தான் அப்படி நீலம் பாயும், அதோடு வாயின் பதமும் (கடினமும்) போய்விடும். வேப்பங்கட்டையில் நாலு கொத்து. வாய் கடதாசி மாதிரி மடங்கிவிட்டது.

திரும்பப் போனேன். "கட்டையில ஆணி இருந்திருக்கும்." ஆணி இல்லை அண்ணை என்றேன். "முதலாளி வெளிக்கிட்டிட்டார், நாளைக்கு வாங்கோ." அடுத்த நாள், "காசு வாங்கினது நான் இல்லையே." நேற்றுப் பின்னேரம் முதலாளியே இருந்தார், தலையை நிமிர்த்தவே இல்லை. 2,500 ரூபா! இத்தனை தரம் போய் வந்த பஸ் காசு வேறு. அந்தக் கோடாலியால் அம்மப்பா எத்தனை வருசம் விறகு கொத்தியிருப்பார்.

கொடுக்கிறவர்கள் தயவுசெய்து கவனியுங்கள். முழுக் காசையும் முன்னால் கொடுக்க வேண்டாம். துண்டு எழுதி வாங்குங்கள். கண் முன்னால் தீட்டச் சொல்லுங்கள், கடையிலேயே பிரித்து நிறத்தைப் பாருங்கள்.

நான் இன்று ஓர் அரமும் தீட்டுக்கல்லும் வாங்கி வந்து ராவிக்கொண்டிருக்கிறேன். நீலம் முழுவதும் போய் நல்ல இரும்பு தெரிகிற வரை ராவ வேண்டும். இன்னும் பாதி கிடக்கிறது.